காதை மறைத்த முடி

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹௌஹா என்ற மலை ஊரில், கமரேனா வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டின் மூத்தவர் எதெல்மிரா அம்மாள். அவருடைய கடைசித் தம்பி ரூபென். ரூபெனின் மனைவி நெலீதா. பக்கத்து ஊர் அகோயாவிலிருந்து சாக்ஸபோனோடு வந்திருந்த நெலீதாவின் அப்பா எலாதியோ. நோட்டரி போர்ஃபீரியோ இபார்ராவும் அவர் மனைவி ஹசிந்தாவும். குழந்தைகள் மையத்திலிருந்து எர்லிந்தா டீச்சர். எல்லாருக்கும் நடுவில், உயரமான நாற்காலியில், தலை முழுக்க ரிப்பன் கட்டிய சின்னச் சின்னப் பின்னல்களோடு, மூன்று வயது நிரம்பப்போகிற, ரூபென் நெலீதாவின் மகன் ததேயோ. வேறு யாரும் இல்லை. தெருக்கதவு சாத்தியிருந்தது. என் கண்ணால் பார்த்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்களில் ஒருவர்கூட உள்ளே இல்லை.

கமரேனா வீட்டில் பிள்ளைக்கு முதல் முடி வெட்டுவதற்கு ஒரு முறை உண்டு. வீட்டின் மூத்தவர் பிள்ளையின் எதிரே நின்று, உன் பேர் என்ன என்று மூன்று தரம் கேட்பார். பிள்ளை தன் வாயால் பேரைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஞானத்தகப்பனாக அழைக்கப்பட்டவர் கத்தரியை எடுத்து முதல் பின்னலை வெட்டி வெள்ளித் தட்டில் வைப்பார். அந்த நிமிடத்திலிருந்து அவரும் பிள்ளையின் பெற்றோரும் கும்பாதிரிகள். சாகும்வரை ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் வந்து நிற்க வேண்டும். பிள்ளை பேசுகிறவரை கத்தரி தலையில் படக்கூடாது. மற்ற வீடுகளில் பிள்ளை நாலு எட்டு நடந்தாலே போதும் என்று வெட்டிவிடுகிறார்கள். அது அவர்கள் பாடு.

முறையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வீட்டிலேயே சாட்சி இருந்தது. எதெல்மிராவின் அக்கா பிலோமினா. சிறுவயதில் விஷக்காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டாரைக் கேட்காமல் அங்கே தலையை மழித்துவிட்டார்கள். அதோடு பெண்ணின் வாய் அடைத்துப்போயிற்று. இதுதான் வீட்டில் சொல்லப்பட்டது. ஊரிலும் அப்படித்தான் சொல்லப்பட்டது. பிலோமினா பின்கட்டு அறையில் கம்பளி நூற்றுக்கொண்டே இருந்து, அங்கேயே இறந்தும்போனார். கல்யாணப் பேச்சு வந்த வீடுகள் எல்லாம் காரணம் கேட்டபோது இந்தப் பதில் போதுமானதாக இருந்தது. குறை ரத்தத்தில் இல்லை, கத்தரியில் இருந்தது என்று ஆயிற்று.

ததேயோ பிறந்தபோது நல்ல கனமான பிள்ளை. உட்கார நாளாயிற்று. நடக்கவும் நாளாயிற்று. இரண்டு வயது தாண்டியும் வாயில் ஒரு சொல் இல்லை. ரூபென் லாரியோடு மலைப்பாதையில் போய் வந்துகொண்டிருந்தான். வீட்டுக்கு வரும் நாட்களில் பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, கமரேனா ஆண்கள் எல்லாருமே தாமதம்தான் என்று சிரிப்பான். நெலீதா சிரிக்கவில்லை. அவள் வாத்தியக்காரர் வீட்டுப் பெண். பாத்திரம் விழுந்தால் திரும்பாத பிள்ளையைப் பற்றி அவளுக்கு ஏதோ தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லாமல், சந்தைக்குப் பின்னால் இருக்கிற மையத்துக்கு அவனைக் கூட்டிப்போனாள். பேச்சு வராத, கழுத்து நிற்காத, பார்வை கூடாத கைக்குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை அரசாங்கம் நடத்துகிற இடம் அது.

எதெல்மிராவுக்கு இது ரொட்டிக்கடையில் தெரியவந்தது. உங்க தம்பி பொண்டாட்டி அந்த மையத்துக்குள்ள போனதப் பார்த்தேனே, யாருக்கு என்ன உடம்புக்கு என்று ஹசிந்தா இபார்ரா கேட்டார். அங்கே தானம் கொடுக்கப் போயிருப்பாள் என்று எதெல்மிரா சொன்னார். ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நெலீதாவிடம் சத்தம் போடவில்லை. கமரேனா வீட்டுப் பெண் பொது இடத்துக்குத் தனியாகப் போவதில்லை, அடுத்த வியாழக்கிழமை நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார அங்கே யாருக்கும் இடம் கிடையாது. பெஞ்சே கிடையாது. கூட வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, டீச்சர் காட்டிக்கொடுப்பதைத் தாங்களே பிள்ளையோடு செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் நான் செய்து ஒன்றும் ஆகாது, மிச்ச நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம்தானே இருக்கிறான் என்பது எர்லிந்தா டீச்சரின் கணக்கு. கிழங்கு விற்கிற பெண்களும், போலீஸ்காரரின் மனைவியும், ஒரு பேங்க் மேனேஜரும்கூட அங்கே காலுறையோடு தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

டீச்சர் எதெல்மிராவிடமும் செருப்பைக் கழற்றச் சொன்னார். எதெல்மிரா கழற்றவில்லை. கறுப்புத் தோல் காலணியோடு, கைப்பையை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, வாசல்படியிலேயே நின்றார். அன்று முழு நேரமும் நின்றார். அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளிலும் அங்கேயே நின்றார். பிறகு டீச்சர் கேட்பதை விட்டுவிட்டார். மற்ற பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிக்கொண்டார்கள்.

காது கேட்கவில்லை என்று சோதித்துச் சொன்னார்கள். முழுக்க இல்லாமல் போகவில்லை. தூரத்தில் எங்கோ அடிக்கிற முரசுபோல ஏதோ கொஞ்சம் அவனை எட்டிக்கொண்டிருந்தது. தலைநகர் லீமாவிலிருந்து இரண்டு காது மிஷின்கள் வந்தன. பீன்ஸ் விதை அளவில், பழுப்பாக, காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. மையத்துக்குச் சொந்தமானவை; ததேயோவுக்கு இரவல். அவற்றை மாட்டிய அன்று டீச்சர் அவன் கையில் சோளமணி ஒன்றைக் கொடுத்து, அவன் முதுகுக்குப் பின்னால் முரசைத் தட்டினார். சத்தம் கேட்டதும் மணியைத் தகரடப்பாவில் போட வேண்டும். அதுதான் விளையாட்டு. நெலீதா அவன் கையைப் பிடித்துப் போட வைத்தாள். அப்புறம் கையை விட்டாள். முரசு ஒலித்தது. அவன் போட்டான். டப்பாவில் டிங் என்றது. நெலீதா எழுந்து சன்னலருகே போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

எதெல்மிரா வாசலில் நின்றபடி பிள்ளையின் காதைப் பார்த்தார். பழுப்புக் கொக்கி தெரிந்தது. தெருவில் எதிர்ப்படுகிற எவருக்கும் தெரியும்.

டீச்சர் பிள்ளையின் முடியைத் தூக்கி உச்சியில் ரிப்பனால் கட்டி அனுப்புவார். முடி மிஷின்மேல் அழுந்தினால் அது கீச்சென்று கத்தும், பிள்ளைக்கு எரிச்சலாக இருக்கும், பிடுங்கி எறிவான் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். சந்தை முனை திரும்பியதும் எதெல்மிரா நின்று, ரிப்பனை அவிழ்ப்பார். முடி இடுப்புவரை விழும். காது மறையும். அதன் பிறகுதான் சதுக்கத்தைக் கடந்து வீட்டுக்குப் போவார்கள். நெலீதா பார்த்துக்கொண்டு நிற்பாள். முதலில் ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதில்லை.

மிஷின் கத்தத்தான் செய்தது. ஒரு ஞாயிறு பூசையில், நற்கருணை உயர்த்துகிற நேரத்தில், எல்லாரும் தலைகுனிந்து இருக்கையில், கீச் என்று நீளமாக ஒரு சத்தம். ஜனங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். எதெல்மிரா இருமினார். இருமிக்கொண்டே பிள்ளையின் முடிக்குள் கையை விட்டு மிஷின்களை உருவிக் கைப்பைக்குள் போட்டார். அதோடு சரி. அவை அலமாரியில் சர்க்கரைக் கிண்ணத்துக்குள் போயின. வியாழக்கிழமை காலையில் மட்டும் வெளியே வந்தன.

குளிர்காலம் போயிற்று. சோளமணி விளையாட்டைத் தவிர ததேயோவிடம் எந்த மாற்றமும் இல்லை.

ஒரு வியாழக்கிழமை, புறப்படுகிற நேரத்தில், பிள்ளை வாசலைத் தாண்டி ஓடப்பார்த்தான். எதெல்மிரா கைநீட்டி அவன் முடியை லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். அவன் உடனே நின்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். டீச்சர் அதைக் கவனித்தார்.

"பேரச் சொல்லிக் கூப்பிடாம முடியப் பிடிச்சுக் கூப்பிடறீங்களேம்மா. இது எங்க பழகினது?"

எங்கே பழகியது என்று எதெல்மிராவுக்குத் தெரியும். தான் தத்தித் தத்தி நடந்த வயதில், அக்கா பிலோமினாவின் பின்னல் அவள் முழங்கால்வரை தொங்கியது. பிலா, பிலா என்று எவ்வளவு கூப்பிட்டாலும் அவள் திரும்பமாட்டாள். பின்னலைப் பிடித்து இழுத்தால் திரும்புவாள், சிரிப்பாள். ஆஸ்பத்திரியும் மழித்த தலையும் அதற்கு எத்தனையோ காலம் பின்னால் வந்தவை. இது அவருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. பூட்டிய அறை ஒன்று வீட்டில் இருப்பது தெரிவதைப்போலத் தெரிந்திருந்தது. அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

அன்று டீச்சர் இன்னொன்றும் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார். மூன்று வயதாகும்போது ததேயோ மையத்தை விட்டுப் போக வேண்டும். போகிற பிள்ளை மிஷினைப் பயன்படுத்துகிறான் என்று நான் பார்த்துச் சொன்னால் அது அவனோடே போகும். இல்லையென்றால் திரும்ப வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். யாவுலியில் ஒரு பெண்குழந்தை காத்திருக்கிறாள். இவனுடையது மாட்டியதுபோலவே தெரியவில்லை, காதுக்குள் போகிற அச்சில் காதழுக்குகூட ஒட்டவில்லை. நான் பொய் சொல்ல மாட்டேன்.

வீடு வந்து சேர்ந்ததும் நெலீதா சமையலறைக்குப் போனாள். கிழங்கு நறுக்குகிற பலகையின் மேல் கத்தரிக்கோலை எடுத்து வைத்தாள்.

"முடிய வெட்டிடறேன் அண்ணி. வெட்டிட்டு அவனத் தூக்கிட்டு எங்கப்பா வீட்டுக்குப் போயிடறேன்."

அவள் குரலில் அழுகையும் இல்லை, மிரட்டலும் இல்லை. கிழங்கு தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று சொல்வதைப்போலச் சொன்னாள். எதெல்மிரா அந்தக் கத்தரியைப் பார்த்தார். மீன் செதில் ஒட்டியிருந்தது.

"கமரேனா பிள்ளைக்குச் சமையக்கட்டுக் கத்தரியால முடி வெட்ட மாட்டாங்க," என்றார். "நான் ஏற்பாடு பண்றேன்."

ஏற்பாடு செய்தார். நோட்டரி இபார்ராவை ஞானத்தகப்பனாக இருக்கும்படி நேரில் போய்க் கேட்டார். பிள்ளை பேசுகிறானா என்று அவர் கேட்டார். வீட்டில் பேசுகிறான், வெளியே கூச்சம் என்று எதெல்மிரா சொன்னார். வாழ்க்கையில் அவர் அதிகம் பொய் சொன்னவரில்லை. அதனாலேயே நோட்டரி நம்பினார். அதன் பிறகு ஒவ்வொரு மாலையும் எதெல்மிரா பிள்ளையை எதிரே உட்காரவைத்து, ததேயோ, ததேயோ என்று உதட்டைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவன் அவர் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தான். மிஷின்கள் கிண்ணத்திலேயே இருந்தன. முடி இருக்கும்வரை அவை கத்தும். பேசும்வரை முடி இருக்கும். இந்த வட்டம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் இல்லை. அதை எங்கே உடைப்பது என்பது மட்டும் தெரியவில்லை. நாள் நெருங்கிற்று.

வழக்கமாக இப்படியொரு விசேஷத்துக்குத் தெருவே திரளும். வாத்தியக்கோஷ்டி முழுசாக வரும், மரம் நட்டுச் சுற்றி ஆடுவார்கள். எதெல்மிரா கோஷ்டி வேண்டாம் என்றார். எலாதியோ ஒருவர் மட்டும், பேரனுக்காக, சாக்ஸபோனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். எதெல்மிரா அவரை இந்த நாள்வரை சம்பந்தி என்று அழைத்ததில்லை. வாத்தியக்காரர் என்பதுதான் பெயர். அவரும் அதைப் பொருட்படுத்தாதவர்போல மூலையில் உட்கார்ந்து கொண்டார்.

ஆட்டுக்கறியும் கிழங்கும் கொல்லையில் சுட்ட கற்களோடு புதைத்து மண்ணுக்குள் வெந்துகொண்டிருந்தன. முன்கூடத்து மேசையில் வெள்ளித் தட்டு, ரிப்பன் சுற்றிய கத்தரி, ஒரு கிண்ணத்தில் வேகவைத்த சோளம். ரூபென் சட்டைக்காலரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான். ததேயோ நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு ரிப்பன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

எதெல்மிரா எழுந்து எதிரே நின்றார்.

உன் பேர் என்ன என்று கேட்டார். பிள்ளை ரிப்பனைப் பார்த்தான். இரண்டாம் தரம் கேட்டார். பிள்ளை அவர் வாயைப் பார்த்தான். மாலை நேர விளையாட்டு என்று நினைத்தானோ என்னவோ, கையை நீட்டினான். மூன்றாம் தரமும் கேட்டார். கொல்லையில் ஒரு கோழி மட்டும் கொக்கரித்தது.

கையில் எடுத்திருந்த கத்தரியை நோட்டரி தட்டில் வைத்தார்.

"பிள்ளை பேசலையே, எதெல்மிரா அம்மா. நாளைக்கு இவனுக்குப் பேச்சு வராமப் போனா, இபார்ரா கை பட்டுத்தான் இப்படி ஆச்சுன்னு இதே ஊரு சொல்லும். உங்க அக்கா விஷயத்துல ஆஸ்பத்திரியச் சொன்னாங்கல்ல."

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. அவர் இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஹசிந்தா எழுந்து கணவரின் முழங்கையைத் தொட்டு, நாம கெளம்பலாம் என்பதுபோல ஏதோ முணுமுணுத்தார். ரூபென் எழுந்தான், எழுந்தவன் என்ன செய்வது என்று தெரியாமல், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் அக்கா என்றான். நெலீதா எர்லிந்தா டீச்சரைப் பார்த்தாள். நீங்க வெட்டுங்க டீச்சர் என்று கேட்டாள். டீச்சர் மாட்டேன் என்று தலையசைத்தார். ஒரு வீட்டுக்கு நான் கும்பாதிரி ஆகிவிட்டால் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு என்ன பதில் சொல்வது, எல்லாரும்தான் கேட்கிறார்கள் என்றார். மூன்று வயதுக்குப் பிறகும் பிள்ளையின் கையை விடாத ஒருவராக அவர் இருக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். அவர் யாருக்கும் சரி என்று சொன்னதில்லை.

எதெல்மிரா இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குளிரில் வெகுநேரம் நின்ற கால்போல உடம்பு மரத்திருந்தது. அடுத்த வருஷம் என்று தம்பி சொன்னது காதில் விழுந்தது. அடுத்த வருஷம் அந்தப் பழுப்புக் கொக்கிகள் யாவுலியில் இருக்கும். பின்கட்டு அறை இருக்கிறது. அதில் கட்டில்கூட எடுக்கப்படவில்லை.

"பிலோமினாவுக்கு முடி முழங்கால் வரைக்கும் இருந்தது," என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "அப்பவும் அவ பேசல. கூப்பிட்டாத் திரும்பமாட்டா. நான் பின்னலப் பிடிச்சு இழுப்பேன். ஆஸ்பத்திரிக்காரங்க மழிச்சது அதுக்கு எவ்வளவோ பின்னால."

ஹசிந்தா இபார்ரா உட்கார்ந்துவிட்டார்.

எதெல்மிரா கத்தரியை எடுத்தார். வீட்டுக்காரர் கை முதலில் படக்கூடாது என்பதும் முறைதான். அதை நோட்டரி சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். எதெல்மிரா பிள்ளையின் வலது காதின்மேல் விழுந்த பின்னலை இரண்டு விரலால் பிடித்தார். இழுக்கவில்லை. பிடித்தார்.

"ததேயோ கமரேனா," என்றார். கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில், உரக்க, தெளிவாகச் சொன்னார். அவன் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிவிட்டு வெட்டினார்.

பின்னல் தட்டில் விழுந்தது. இடது பக்கமும் வெட்டினார். காதைச் சுற்றி இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெட்டினார். பின்தலையில் இருந்ததை ரூபெனிடம் கத்தரியைக் கொடுத்து வெட்டச் சொன்னார். அவன் ஒன்றை வெட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கத்தரியை நெலீதாவிடம் கொடுத்தான்.

நெலீதா வெட்டவில்லை. அலமாரிக்குப் போய்ச் சர்க்கரைக் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். மிஷின்களை ஊதிச் சுத்தம் செய்து இரண்டு காதிலும் மாட்டினாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அவை கத்தவில்லை.

பிள்ளை தலையைத் தொட்டுப் பார்த்தான். காற்று படுகிற காதைத் தொட்டுப் பார்த்தான். பிடுங்குவான் என்று எதெல்மிரா நினைத்தார். பிடுங்கவில்லை.

இனி என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. வெட்டியதும் வாத்தியம் முழங்க வேண்டும். எதெல்மிரா மூலையைப் பார்த்துத் திரும்பினார்.

"வாசிங்க சம்பந்தி."

எலாதியோ ஒரு கணம் பின்னால் திரும்பி, வேறு யாரையோ சொல்கிறார்களோ என்று பார்த்தார். பிறகு சாக்ஸபோனை எடுத்து, பேரனின் முதுகுக்குப் பின்னால் நின்று, ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தார். டீச்சர் கையைக் காட்டி, இன்னும் மெதுவா ஐயா, இன்னும் மெதுவா என்றார். ஊர்த் திருவிழாவில் மலைக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி வாசிக்கிற மனுஷர். உதட்டை இறுக்கி, மூச்சை மடக்கி, நூல்போல வாசித்தார்.

ததேயோவின் கால் ஆடுவது நின்றது. அவன் மேசையைப் பார்த்தான். கிண்ணத்திலிருந்து ஒரு சோளமணியை எடுத்து, பக்கத்தில் தகரடப்பா இல்லாததால், முடி கிடந்த வெள்ளித் தட்டில் போட்டான்.

எலாதியோ நிறுத்தினார். பிள்ளை இன்னொரு மணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். சத்தம் இல்லாதவரை போடவில்லை. மறுபடி வாசித்தார். போட்டான்.

நெலீதா பிள்ளையின் கழுத்தில் ஒட்டியிருந்த முடித்துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து முடிந்த பிறகும் எடுத்துக்கொண்டிருந்தாள். எதெல்மிரா கறியைத் தோண்டி எடுக்கச் சொல்லிவிட்டு, தட்டிலிருந்த சோளத்தையும் முடியையும் பிரிக்காமல் அப்படியே ஒரு துணியில் கட்டி வைத்தார். நோட்டரியும் மனைவியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அழைத்த விருந்தாளியைப் பசியோடு அனுப்பினார்கள் என்ற பேர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

பிறந்தநாளுக்கு முந்திய வியாழக்கிழமை டீச்சர் பார்த்தார். அச்சில் காதழுக்கு ஒட்டியிருந்தது. மிஷின்கள் ததேயோவிடமே இருந்தன. யாவுலிப் பெண்குழந்தைக்கு லீமாவிலிருந்து வேறு வர வேண்டும் என்று டீச்சர் எழுதிப்போட்டிருப்பதாகச் சொன்னார். எப்போது வரும் என்று எதெல்மிரா கேட்டார். தெரியாது என்றார். எதெல்மிரா அன்றும் வாசல்படியில், காலணியோடுதான் நின்றார்.

திரும்புகையில் சந்தை முனையில் அவர் நிற்கவில்லை. நல்ல வெயிலில், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சதுக்கத்தின் நடுவே போனார். கடைகள் இருக்கிற பக்கம் அவன் நடந்தான். ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். எதெல்மிரா எல்லாருக்கும் ஒரே அளவாகத் தலையசைத்து வணக்கம் சொல்லிக்கொண்டு போனார். பூசையிலும் இப்போது முதல் பெஞ்சுதான். பிலோமினாவைப் பற்றி யாராவது கேட்டால், அவருக்குக் காது கேட்காது என்று சொல்கிறார். சொல்லிவிட்டு, வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார். யாரும் வேறு எதுவும் கேட்பதில்லை.

ஊர் சும்மா இருக்கவில்லை. நோட்டரிக்கும் கமரேனாக்களுக்கும் சொத்தில் தகராறு என்றார்கள். சொத்தே கிடையாது, தகராறுக்கு எங்கே போவது. வாத்தியக்காரர் மந்திரித்த சோளம் கொண்டுவந்தார் என்றார்கள். அது இபார்ராக்களும் தின்ற சோளம். எல்லாவற்றையும்விட அதிகமாகப் பரவியது இன்னொன்று. கத்தரி பட்ட அதே நிமிடத்தில் ஊமைப்பிள்ளை வாய் திறந்து, தெருவரை கேட்கும்படி, தன் முழுப்பேரையும் சொன்னான் என்பது. அகோயாவில் அதற்குப் பாட்டுக்கூடக் கட்டியிருக்கிறார்கள். யாவுலியிலிருந்து ஒரு பெண் தன் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து, எந்தக் கத்தரி என்று காட்டும்படி கேட்டாள்.

அவன் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, இன்றைக்கும் பேசவில்லை. தெருவரை கேட்ட குரல் எதெல்மிராவுடையது.